வெறும் பாத்திரம் கொடுத்த அயலகத்தார்



"என்ன பாஸ்டர், டெலிவிஷன் நாடகத்தைப் பற்றியா எழுதுறீங்க?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்க. அந்த நாடகத்தில் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. அதே கண்ணீர் நம் வேதத்திலும் இருக்கிறது.

1966-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி இங்கிலாந்தில் பி.பி.சி. ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. பெயர் 'கேத்தி கம் ஹோம்'. ஜெரமி சாண்ட்ஃபோர்டு எழுத, கென் லோச் இயக்கினார். சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அன்று அதைப் பார்த்தார்கள்.

கதை இதுதான். கேத்தி என்ற பெண் ரெஜ் என்ற லாரி டிரைவரைக் கலியாணம் செய்கிறாள். நல்ல வீடு, நல்ல சம்பளம். ஆனால் அது பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற வீடு அல்ல. அவள் கர்ப்பமாகிறாள். அவனுக்கோ விபத்து, வருமானம் போயிற்று. மாமியார் வீட்டு நெருக்கடியில் கொஞ்ச நாள். பிறகு ஒரு வாடகை வீடு. இரக்கமுள்ள கிழவி, வீட்டுக்காரி, மரித்துப்போனாள்; கோர்ட் உத்தரவோடு ஆட்கள் வந்து இவர்களை வெளியே தள்ளினார்கள். அப்புறம் வண்டிவீட்டு முகாம். அதற்கும் ஊரார் தீ வைத்தார்கள். கடைசியாக வீடற்றோர் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, புருஷனுக்கு இடமில்லை! குடும்பம் இரண்டாகிறது. விடுதியில் தவணையும் முடிந்தது. ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்த கேத்தியின் கையிலிருந்து பிள்ளைகளை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் கதறல்தான் மிச்சம்.

அவள் பிள்ளைகளை அடித்தாளா? இல்லை. பட்டினி போட்டாளா? இல்லை. தலைக்கு மேல் கூரை இல்லை, அவ்வளவுதான் குற்றம்! பெற்றோருக்கு வீடில்லாத காரணத்தால் அந்த தேசத்தில் வருஷந்தோறும் 4,000 பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள் என்று நாடகத்தின் முடிவில் எழுதிக் காட்டினார்கள். கொடுமை செய்கிற பெற்றோரிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியதுதான், அது வேறு. ஆனால் தரித்திரத்துக்குத் தண்டனையாகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாமா?

இப்போது 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தீர்க்கதரிசியின் புத்திரரில் ஒருவன் மரித்துப்போனான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். தகப்பன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன்தான். அப்படியானால் கஷ்டம் வந்த வீடெல்லாம் பாவம் செய்த வீடு என்று நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது, கேட்டீங்களா?

இந்தப் பகுதியில் நாம் எண்ணெயைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அயலகத்தாரைப் பற்றி யாராவது பேசினோமா? எலிசா அவளை முதலில் அனுப்பினது அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான். அவர்கள் பணம் கொடுக்கவில்லை, கடனை அடைக்கவில்லை. சும்மா கிடந்த பாத்திரங்களைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாத்திரம் இருந்த மட்டும் எண்ணெய் வந்தது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றது. அற்புதம் கர்த்தருடையது, அல்லேலூயா! ஆனால் அந்த அற்புதத்துக்கு இடம் கொடுத்தது அக்கம்பக்கத்தாரின் பாத்திரம். அவளுடைய பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள்.

கேத்திக்கு அப்படி யாரும் இல்லை. அவள் போன வாசலெல்லாம் அடைபட்டது.

ஆனாலும் அந்த தேசத்தில் பாத்திரத்தை ஆயத்தமாக வைத்திருந்த சிலர் இருந்தார்கள். புரூஸ் கென்ரிக் என்ற ஒரு போதகர் 1963-லேயே லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கொடுக்க ஒரு டிரஸ்டைத் தொடங்கியிருந்தார். வீடற்றவர்களுக்காக ஷெல்டர் என்ற ஸ்தாபனத்தை உண்டாக்குவதிலும் அவர் முன்நின்றார். அதன் ஆயத்தமெல்லாம் முன்னமே நடந்துகொண்டிருந்தது. நாடகம் வந்து பதினைந்தே நாளில், 1966 டிசம்பர் 1-ம் தேதி, ஷெல்டர் ஆரம்பமாயிற்று. விடுதிகளில் தகப்பனும் குடும்பத்தோடு தங்கும்படி விதிகள் மாறின. 1977-ல் வந்த சட்டம், பிள்ளைகளோடு வீடிழந்த குடும்பங்களுக்குத் தங்க இடம் காட்டுவதை உள்ளூர் நிர்வாகங்களின் கடமையாக்கியது. வீடில்லாமை அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அழுததோடு நின்றுவிடாமல் செய்தவர்கள் இருந்தார்கள்.

தேவபிள்ளையே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாடகம் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள் அநேகர். பக்கத்து வீட்டுத் தாய் அழும்போது என்ன செய்கிறோம்? "ஜெபிச்சுக்கறேன் சிஸ்டர்" என்று சொல்லி கேட்டைச் சாத்திக்கொள்கிறோமா? வாடகைக்கு வீடு கொடுக்கிற விசுவாசியே, "சின்னப் பிள்ளைங்க இருக்கா? அப்போ வேண்டாம்" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாய்? சபையில் வாடகை பாக்கிக்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற சகோதரி யார் என்று மூப்பர்களுக்குத் தெரியுமா? இரண்டு மாத வாடகை, ஒரு காலி அறை, வேலைக்குப் போகிற விதவையின் குழந்தையைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் ஒரு மடி. இவைதான் இன்றைக்கு வெறும் பாத்திரங்கள். கர்த்தர் ஊற்ற ஆயத்தமாயிருக்கிறார். நீ கொடுக்க ஆயத்தமா?

ஜெபிப்போமா? அன்பின் பரலோக பிதாவே, பிள்ளையை இழந்து தவிக்கிற தாய்மாரையும் தகப்பன்மாரையும் நினைத்தருளும். எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறதை எங்கள் கண்களுக்குக் காண்பியும். எங்கள் வாசல் யாருக்கும் அடைபடாதிருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.