ஆறு ஷில்லிங் நியாயம்

கடலூர் மாவட்டத்தில் கபடி ஆடாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பண்ருட்டி முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்து சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரை வரை, பொங்கலோ கோயில் திருவிழாவோ வந்துவிட்டால் கம்பம் நட்டு லைட் கட்டி, கோடு கிழித்து, விடிய விடிய ஆட்டம். வென்ற அணிக்குக் கோப்பையும் ரொக்கமும் உண்டு. முட்டி ஜவ்வு கிழிந்தவனுக்கு? ஆஸ்பத்திரி வரைக்குமான கார் வாடகையைக் கமிட்டி கொடுக்கும். கொஞ்சம் நல்ல கமிட்டி என்றால் ஸ்கேன் செலவும் கிடைக்கலாம். அதற்குமேல் அவன் வீட்டுப் பாடு.

அது வீட்டுப் பாடாகவே இருப்பது நியாயம்தானா? வழக்கமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: யாரும் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை, ஆசைப்பட்டு ஆடினான், கைதட்டலை அனுபவித்தான், அடியையும் அவனே அனுபவிக்கட்டும். இந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கிறது. ரெய்டு போகிறவனுக்கு விலா எலும்பு எப்படி நோகும் என்று தெரியும். தெரிந்தேதான் போகிறான்.

ஆனால் பதினேழு வயதில் அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. போலீஸ், ரயில்வே அணிகள் இருக்கின்றன. உடற்கல்வி படித்தால் பி.டி. வாத்தியார் ஆகலாம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அதற்கு இடம் தருகிறது. கூலி வேலைக் குடும்பத்துப் பையனுக்கு இவை பொழுதுபோக்கு அல்ல, பிழைப்புக்கான வழி. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 41 வயதில், 2016இல், உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்ததை எல்லாரும் சொல்வார்கள். அதே வயதில் மாடிப்படி ஏற முடியாதவர்களைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. வலியைப் பற்றிய கணக்கு பையனுக்குத் தெரிகிறது, வாய்ப்பைப் பற்றிய கணக்கு தெரிவதில்லை. பாதி தெரிந்து கொடுத்த சம்மதத்தை முழுச் சம்மதமாகப் பிடித்துக்கொள்வது சௌகரியம், அவ்வளவுதான்.

இந்த வழக்கு ஏற்கெனவே ஒருமுறை வேறோர் ஊரில் பேசப்பட்டிருக்கிறது. 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில், வடபகுதி ரக்பி சங்கங்கள் கூடித் தலைமைச் சங்கத்தை விட்டுப் பிரிந்தன. நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போயிற்று. அந்தக் கூலியைச் சங்கம் ஈடுகட்டக் கூடாது, காசு புகுந்தால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்றார்கள் தெற்கத்திக் கனவான்கள். கூலிக்குப் போகாதவர்கள் தூய்மை பேசுவது எளிது. பிரிந்து வந்தவர்கள் நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு தரலாம் என்று வைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆயிற்று. ஓடி வருகிறவனை மடக்கி வீழ்த்துவதில் நம் கபடிக்கு நெருங்கிய சொந்தம்.

அந்த 6 ஷில்லிங் பரிசும் அல்ல, தர்மமும் அல்ல. பிறர் பார்த்து மகிழ ஒருவன் இழந்ததைத் திருப்பித் தருவது. ஆடிய நாளுக்கு இது பொருந்துமானால், ஆடியதால் படுத்துக் கிடக்கும் மாதங்களுக்கு ஏன் பொருந்தாது? நெய்வேலிச் சுரங்கத்தில் அடிபட்டவர் இழப்பீடு கேட்க 1923லிருந்தே சட்டம் இருக்கிறது. அதே உழைப்பாளி ஞாயிற்றுக்கிழமை களத்தில் விழுந்தால் அவர் யாருக்கும் தொழிலாளி இல்லை.

தமிழக அரசு முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தருகிறது. தேசிய, சர்வதேசப் போட்டிகளில் வென்றிருக்க வேண்டும், வயது 58 ஆகியிருக்க வேண்டும், வருமானம் குறைவு என்று காட்டவும் வேண்டும். கொடுப்பது நல்லதே. ஆனால் கபடிக்காரனின் உடம்பு பெரும்பாலும் முப்பத்தைந்துக்குள் ஓய்ந்துவிடுகிறது, இடையில் இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஏழ்மையை நிரூபித்து வாங்குகிற பணம் உதவியாகத்தான் வந்து சேர்கிறது, கடனைத் தீர்ப்பதாக அல்ல.

உதவியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராப் பர்ரோவின் வாழ்க்கையைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் ரக்பி லீக் அணிக்காக 2017 வரை ஆடி, எட்டு முறை பட்டம் வென்று ஓய்வு பெற்றவர். ஐந்தரை அடிகூட இல்லாத உருவம். 2019 டிசம்பரில் இயக்க நரம்பணு நோய் தெரியவந்தது, 2024 ஜூனில் இறந்தார். நோய் ஆட்டத்தால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. கூட ஆடிய கெவின் சின்ஃபீல்டு, நண்பனுக்காக 2020இல் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். நட்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேட வேண்டாம். ஆனால் சின்ஃபீல்டு போன்ற நண்பர் வாய்க்காத, பெயர் பரவாத ஆட்டக்காரர்களுக்கு? அங்கே முன்னாள் வீரர்கள் பலர் தலையில் பட்ட அடிகளுக்காக நிர்வாகத்தின் மேல் வழக்கே தொடுத்திருக்கிறார்கள். அன்பு எல்லாரிடமும் வந்து சேராத இடத்தில்தான் உரிமை தேவைப்படுகிறது.

யார் கொடுப்பது? புரோ கபடி லீகில் 2018இல் ஆட்டக்காரரின் ஏலத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது, பிறகு இரண்டரைக் கோடியையும் கடந்தது. அந்த அணி உரிமையாளர்களும் ஒளிபரப்பாளர்களும் கடன்பட்டவர்கள் என்பதில் வாதமே வேண்டாம். அவர்களுக்கு ஆட்டக்காரனை விளைவித்துக் கொடுத்தது ஊர்க்களம்தான். சிக்கல் அந்த ஊர்க்களத்தில் இருக்கிறது. கமிட்டிக்கு லாபம் கிடையாது. வீடு வீடாக வசூலித்து நடத்துகிறவர்கள் மேல் இழப்பீட்டையும் ஏற்றினால் பல ஊர்களில் ஆட்டம் நின்றே போகும். அப்படி நின்றால் இழப்பு அந்தப் பையன்களுக்குத்தான். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஓர் இளைஞர் ரெய்டு போன இடத்திலேயே உயிரைவிட்டதை மாநிலமே செல்போனில் பார்த்தது. ஃபிளெக்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் பணம் கிடைக்கிற ஊரில் விபத்துக் காப்பீட்டுக்குக் கிடைக்காது என்பதை நம்ப முடியவில்லை. பரிசுத்தொகையை முடிவு செய்யும் முன் அதை ஒதுக்கினால் போதும்.

ஒரே ஆட்டத்தில் உடையாமல், பத்து வருஷமாகத் தேய்ந்து போன முட்டிக்கு எந்தக் கமிட்டி பொறுப்பு? எதுவும் இல்லை, எல்லாமும்தான். எனவே அணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மாவட்ட அளவில் பொதுநிதியாகச் சேர வேண்டும், அரசும் லீகும் அதில் போட வேண்டும். நிதியை யார் நம்புவது என்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். திருவிழா முடிந்ததும் வரவு செலவை ஊரைக் கூட்டிப் படிக்கிற பழக்கம் இங்கே பல கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கபடிக் கணக்கையும் அதே கூட்டத்தில் படிக்கச் சொல்லலாம்.