பூமியைத் தோண்டும் உரிமை

ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள ஃப்ரைபெர்க் சுரங்கவியல் பல்கலைக்கழகம் 1765இல் தொடங்கப்பட்டது. ஏழாண்டுப் போரில் கஜானா காலியாகிப்போன நாட்டுக்கு, வெள்ளிச் சுரங்கங்களை முறையாக நடத்தத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். உலோகவியலிலும் பொருளறிவியலிலும் இன்றும் பேர்சொல்லும் அந்தக் கல்விக்கூடம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த மலைப்பகுதியில் ஒரு கேள்வி எழுந்துவிட்டது: பூமியின் வயிற்றைக் கீற மனிதனுக்கு உரிமை உண்டா?

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாவுல் நியாவிஸ் என்ற ஆசிரியர் இதை ஒரு வழக்காகவே எழுதினார். கிழிந்த பச்சை ஆடையும் காயங்களுமாக, அழுதுகொண்டே பூமித்தாய் ஜூபிடரின் முன் வந்து நிற்கிறாள். பெற்றவளையே கொல்கிறான் என்பது சுரங்கத் தொழிலாளி மீது குற்றச்சாட்டு. அவனோ, பிள்ளைக்கு வேண்டியதை ஒளித்து வைப்பவள் தாயல்ல, மாற்றாந்தாய் என்று வாதிடுகிறான். தோண்டுவது மனிதனின் விதி, ஆனால் பூமி அவனை விழுங்கும், நச்சுக்காற்று மூச்சை அடைக்கும் என்று தீர்ப்பாகிறது. இதை விடுதலை என்று சொல்ல முடியாது. உரிமையும் தண்டனையும் ஒரே வாக்கியத்தில் வந்தன. தீர்ப்பின் பின்பாதியைத் தொழிலாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இன்று பல்கலைக்கழகத்தின் பயிற்சிச் சுரங்கத்தைச் சேர்ந்த ‘பழைய எலிசபெத்’ குழியின் மேல் ஒரு ஜெப அறை இருக்கிறது, சிறிய ஆர்கன் ஒன்றோடு. இறங்குவதற்கு முன் அங்கே ஜெபித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

1556இல், அக்ரிகோலா இறந்த மறு ஆண்டு வெளிவந்த அவருடைய சுரங்க நூல், எதிர்ப்பாளர்களின் வாதத்தை மறைக்காமல் முன்வைக்கிறது. காடு அழிகிறது, பறவையும் விலங்கும் போகின்றன, தாது கழுவிய நீர் ஓடையில் கலந்து மீன் சாகிறது என்கிறார்கள் அவர்கள். உலோகம் இல்லாவிட்டால் உழவும் இல்லை, குற்றம் பயன்படுத்தும் கையில்தான் என்று அவர் சொல்லும் பதில் வலுவானது. மீனை உலோகம் விற்ற காசில் வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பதில் அப்படியல்ல. மீனை இழந்தவன் ஓடைக்கரையில் இருப்பவன். காசு சேர்வது இன்னொருவன் பையில்.

இந்த விவாதங்களுக்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை கிடந்தது. தாது பூமிக்குள் வளர்கிறது, கொஞ்ச காலம் விட்டுவைத்தால் சுரங்கம் மறுபடி நிரம்பும் என்று பலர் நம்பினார்கள். அப்படியானால் எடுப்பது, பழுக்காத காயைப் பறிப்பதைப் போன்ற பிழை மட்டுமே. 1775 முதல் ஃப்ரைபெர்க்கில் கற்பித்த வெர்னர், பாறைகள் ஆதிக்கடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை என்றார். எல்லாம் நீரில் பிறந்தவை என்ற அவருடைய கொள்கை பின்னால் தோற்றது. பாறைக்கு வரலாறு உண்டு என்ற பாடம் நிலைத்தது. மனிதக் கணக்கில் தாது ஒரே முறைதான் கிடைக்கும். ஆகவே வழக்கின் கட்சிகளே மாறிவிடுகின்றன: பூமிக்கும் மனிதனுக்கும் இடையிலிருந்த வழக்கு, இன்று இருப்பவனுக்கும் இனிப் பிறப்பவனுக்கும் இடையிலானதாகிறது.

அதே ஊரில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், உருக்காலைகள் காட்டைத் தின்பதைப் பார்த்து, வளரும் அளவுக்கு மேல் மரம் வெட்டக் கூடாது என்று 1713இல் எழுதினார். மரம் துளிர்க்கும், தாது துளிர்க்காது. அந்த நல்ல விதியை அப்படியே சுரங்கத்துக்குள் கொண்டுபோக வழியில்லை.

எடுத்த தாதுக்கு ஈடாக அறிவை விட்டுச்செல்கிறோம் என்பது இன்னொரு வாதம். 1886இல் ஃப்ரைபெர்க்கின் வேதியியலாளர் கிளெமென்ஸ் விங்க்ளர் ஒரு புதிய வெள்ளித் தாதுவைப் பகுத்தபோது, கண்ட பொருள்களின் கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் நூற்றில் கிட்டத்தட்ட 7 பங்கு குறைவாகவே வந்தது. விடாமல் தேடி அவர் கண்ட தனிமம் ஜெர்மேனியம். உடனடிப் பயன் பெரிதாக இல்லாத அதுவே 1947இல் முதல் டிரான்சிஸ்டரில் அமர்ந்தது. நாளை எது செல்வமாகும் என்று இன்று தோண்டுபவனுக்குத் தெரியாது என்பதே இதன் பொருள். இது தோண்டுவதற்கும் சாட்சி, விட்டுவைப்பதற்கும் சாட்சி.

விட்டுச்செல்வது அறிவு மட்டுமல்ல. ஃப்ரைபெர்க்கில் தாது எடுப்பது 1969இல் நின்றது. சுரங்க நீரை வெளியேற்ற 1877இல் முடிக்கப்பட்ட ரோத்ஷோன்பெர்க் வடிகால் இன்றும் ஓடுகிறது. துத்தநாகமும் காட்மியமும் கரைந்த நீர் அதன் வழியே டிரீபிஷ் ஆற்றில் விழுந்து எல்பேயில் கலக்கிறது.