மாரியம்மனைப் பற்றி எழுதிய பாதிரியார்

மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளோடு, அதாவது ஒப்பந்தக் கூலிகளோடு, மாரியம்மனும் வந்தாள். அந்த அம்மனைப் பற்றி, அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் முன்பே ஒரு ஜெர்மானியப் பாதிரியார் எழுதியிருந்தார்: 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு.

தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் அவர். இந்துக்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நம்பிக்கையை விளக்கச் சொல்லி, பதில்களையும் வாங்கினார். 1713இல் தமிழர் தெய்வங்களை மாரியம்மன், ஐயனார், பிடாரி வரை விவரிக்கும் ஜெர்மன் நூலை முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த அவருடைய மிஷன் மேலிடம் அதை அச்சிட மறுத்தது; சென்னையில் அச்சேறியபோது ஆண்டு 1867.

தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணியே வந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியதாகவும் அவரே எழுதினார். ஆனாலும் சிலை வழிபாடு தவறு என்ற முடிவை விடவில்லை. பிறர் நம்பிக்கையை மதிப்பதும் மறுப்பதும் ஒரே மனத்தில் நேர்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றே தோன்றுகிறது. மறுப்பதற்கு முன் அவர் கேட்டார். கேட்டதை மறைக்காமல் எழுதினார். மேலிடத்தை உறுத்தியதும் அதுவே.