வெறுங்குழியின் சாட்சியம்

இரத்தினபுரிப் பகுதியின் வயல்நிலங்களில் இரத்தினக்கல் தேடுவோர் முதலில் தேடுவது கல்லையன்று. கல் தங்கக்கூடிய பரற்படையையே. சிங்களத்தில் ‘இல்லம’ என வழங்கும் அப்படையை அடைய, மரச்சட்டம் கட்டிக் குழி இறக்கி, ஊறும் நீரை இடையறாது இறைத்தல் வேண்டும். பரலைக் கூடையிலிட்டு அரித்த பின்னரே கல் உண்டா இல்லையா என்பது தெரியவரும். பெரும்பாலும் கூலிக்கன்றிப் பங்கிற்கே உழைப்பவர்களாதலின், வெறுங்குழி அவர்களுக்கு வெறும் தத்துவச் சொல்லன்று.

வேற்றுலக உயிர் பற்றிய ஆராய்ச்சியும் இத்தகைய படையொன்றை எட்டியே நிற்கிறது. 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் உண்டென, காலியிற் பிறந்து நாசாவில் பணியாற்றிய சிறில் பொன்னம்பெரும உள்ளிட்ட குழுவினர் 1970இல் அறிவித்தனர். உயிரின் மூலப்பொருள்கள் பூமிக்கு வெளியேயும் உருவாகின்றன என்பதற்கு அது வலுவான சான்று. ஆயினும் கிடைத்தது பரலே, கல்லன்று.

1961இல் பிராங் டிரேக் வகுத்த சமன்பாடு, பால்வீதியில் தொடர்புகொள்ளத்தக்க நாகரிகங்களின் தொகையை ஏழு காரணிகளின் பெருக்கமாகக் கூறுகிறது. விண்மீன்களின் பிறப்புவீதம் ஓரளவு தெரிந்ததே. சூரிய மண்டலத்துக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட கோள்களும் 5,000க்கு மேற்பட்டுவிட்டன. ஆனால் ஏற்ற கோளில் உயிர் தோன்றும் வீதம் பத்தில் ஒன்றா, கோடி கோடியில் ஒன்றா? அஃது அறியப்படாதவரை ஏனையவற்றின் துல்லியம் விடைக்குத் துல்லியம் தராது.

பூமியையே சான்று காட்டுவோர் உளர். பூமி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நுண்ணுயிர்கள் வாழ்ந்த தடயங்கள் உள. இத்துணை விரைவில் தோன்றியதாயின், உயிர் எளிதில் தோன்றுவதே என்பது அவர்தம் முடிபு. வழு இங்கேதான் நேர்கிறது. கடைக் கண்ணாடிக்குள் ஒளிரும் நீலக்கல் ஒன்றை மட்டும் கண்டவன், எத்தனை குழிக்கு ஒரு கல் என உரைக்க வல்லனோ? வெறுங்குழிகள் கடைக்கு வருவதில்லை. அவ்வாறே, உயிரற்ற கோள்களில் இவ்வினாவை எழுப்பவும் எவருமிலர். அறிவுடைய உயிர் உருவாக நெடுங்காலம் வேண்டுமாயின், தொடக்கம் தாமதித்த கோள்களிலும் வினவுவார் இரார். எனவே விரைவு என்பதும் உறுதியான சான்றாகாது. பிரபஞ்சத்தில் மனிதன் தனியன் எனத் துணிபவர்க்கும் இதே தடையுண்டு.

குழி இறக்குபவனும் நிகழ்தகவு அறியாமலே உழைக்கிறான். தன் நம்பிக்கையை அவன் அளவையென்று சொல்வதில்லை. கல் நிச்சயமென்று கூறிப் பங்காளிகளிடம் பணம் திரட்டுபவனே பழிக்குரியவன். ஊகத்தை எண்ணாக எழுதிக்காட்டும் அறிஞனும் அப்பழிக்கு முற்றும் புறம்பானவனல்லன்.

2024 ஒக்டோபரில் ஏவப்பட்ட யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவுள்ளது. அதன் பணி உயிரைக் கண்டுபிடிப்பதன்று. யுரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் உயிர் வாழத்தக்க சூழல் உண்டா என்று பார்ப்பதே.