பட்டமும் பள்ளிக்கூடமும்

நோயைத் தீர்ப்பவரையும் டாக்டர் என்கிறோம். ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவரையும் டாக்டர் என்கிறோம். பின்னவருக்கு முனைவர் என்ற நல்ல தமிழ்ப் பெயரும் உண்டு. பெயர் ஒன்றானாலும் இருவரும் நடக்கும் வழி ஒன்றாக இல்லை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுக்கு இவ்வழியாகப் போவார்கள். அமெரிக்காவில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா ஸ்கட்டர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அக்கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்குப் பல ஆண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களே களம். மேற்படிப்புப் படித்த மருத்துவர்கள் அங்கே கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடி வருகிறார்கள். அவர்களுடைய ஆராய்ச்சியும் அந்தத் தெருக்களில்தான் பிறக்கிறது. அதைக் கண்டு யாரும், படிப்பு வீணாயிற்று என்று வருந்துவதில்லை.

அதே ஒன்றியத்தில் தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், அவற்றில் ஒன்றில் முதல் வகுப்பு நடத்தப் போகிறேன் என்று சொல்லட்டும். "இதற்கா இத்தனை ஆண்டு படித்தாய்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள்.

மருத்துவத்தில் படிப்பு உயர உயரக் கடினமான நோயாளி அருகில் வருகிறார். கல்வியிலோ படிப்பு உயர உயரக் குழந்தை தொலைவில் போய்விடுகிறது. தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் போதும். உயர்நிலைப் பள்ளிக்குப் பி.எட். வேண்டும். பி.எட். மாணவருக்குக் கற்பிக்க எம்.எட். வேண்டும். அந்தக் கல்லூரிக்கு முதல்வராக முனைவர் பட்டம் வேண்டும். எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தையிடம் இருப்பதுதான் மிகக் கடினமான பாடம். அதை ஏணியின் கடைசிப் படியில் வைத்துவிட்டோம்.

இதற்காகப் பட்டம் பெற்றவரைக் குறை கூறுவது நியாயமன்று. தொடக்கப் பள்ளியில் அவர் பட்டத்துக்கென்று தனி இடமில்லை. கல்லூரி வாசலிலும் நெருக்கடிதான். நெட், செட் போன்ற தேர்வுகளே உதவிப் பேராசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் அறிவித்தது. அவருக்கும் குடும்பம் உண்டு. பிறரைத் தியாகம் செய்யச் சொல்வது எளிது. செய்பவருக்கல்லவா தெரியும் அதன் பாரம்!

ஆனால் வேறொன்றைக் கேட்கலாம். அவருடைய ஆராய்ச்சிக் கேள்வி எங்கிருந்து வருகிறது? நூலகத்திலிருந்தா, வகுப்பறையிலிருந்தா? மரியா மாண்டிசோரி பட்டம் பெற்ற மருத்துவர். 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் சின்னஞ்சிறு குழந்தைகளோடு இருந்து கண்டறிந்ததைத்தான், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் சொன்னார். குழந்தைகளிடம் போனதால் அவர் படிப்பு தாழ்ந்துவிடவில்லை.

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. இராணிப்பேட்டையிலும் ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியையும் ஆராய்ச்சியையும் இணைப்பதும் அவற்றின் நோக்கங்களில் ஒன்று. மருத்துவக் கல்லூரிக்கு ஓர் ஒன்றியம் களமாக இருப்பதுபோல், ஒவ்வொரு கல்வியியல் கல்லூரிக்கும் சில பள்ளிகள் களமாக இருந்தால் என்ன? முனைவர் வாரத்தில் இரண்டு நாளாவது முதல் வகுப்பில் நிற்கட்டும். அதற்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் நாம் கொடுப்போம்.

அன்றைக்கு "இதற்கா படித்தாய்?" என்று கேட்பவருக்கு, "ஆம், இதற்குத்தான்" என்று அவர் தயங்காமல் சொல்ல முடியும்.