மலையடிவாரத்தில் ஓர் உழவாரத் திருப்பணி



சைவசமயத்திலே தீ இல்லாத வழிபாடு இல்லை. கருவறையிலே தூண்டாமணி விளக்கு. பூசை நிறைவிலே கற்பூர ஆரத்தி. கும்பாபிஷேகத்திலே யாககுண்டம். கார்த்திகையிலே சொக்கப்பனை. ஆடல்வல்லான் தன் திருக்கரம் ஒன்றில் தீயை ஏந்தி நிற்கிறான். திருவண்ணாமலையிலே இறைவன் அக்கினி வடிவாகவே வணங்கப்படுகிறான். இவ்வாறு தீயைக் கண்ணில் ஒற்றிக் கும்பிடும் நாம், எமது வீடுகளுக்கு மேலே உள்ள மலை பற்றி எரியும்போது என்ன செய்கிறோம்? வாசலில் நின்று பார்க்கிறோம். மறுநாள் கரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். இதைப்பற்றியே இம்மலரில் அடியார்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

தீயை வளர்க்கும் முறை

எமது அம்மன் ஆலயங்களில் தீமிதிப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். முதலில் இடத்தைத் துப்புரவு செய்கிறோம். குழியை அளந்து வெட்டுகிறோம். விறகு எரிந்து தணலாகும் வரை பெரியவர்கள் பக்கத்திலே நிற்கிறார்கள். குழி முடியும் இடத்தில் பாலோ தண்ணீரோ விட்டு வைக்கிறோம். பக்தர்கள் எல்லோரும் இறங்கிய பிறகும் தணல் அவியும் வரை ஆள் நிற்கிறது. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்திலும் அப்படியே. காமனை எரிக்கும் இடம் ஊர் கூடி நிற்கும் வெளி. யாகசாலையிலும் குண்டத்திற்குக் கரை கட்டியிருக்கிறது. பக்கத்திலே கும்பத்தில் நீர் இருக்கிறது.

ஆகவே எமது முன்னோர் தீயோடு மூன்றைச் சேர்த்தே வைத்தார்கள். ஒன்று எல்லை. இரண்டு காவல். மூன்று நீர். இந்த மூன்றும் உள்ள தீ வழிபாடு. இந்த மூன்றும் இல்லாத தீ அழிவு.

முருகப்பெருமானின் திருவவதாரமும் இதையே உணர்த்துகிறது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து தோன்றிய ஆறு தீப்பொறிகளின் வெம்மையை உலகம் தாங்க முடியாமல் அஞ்சியது. அப்பொறிகளை வாயுவும் அக்கினியும் சுமந்து சென்று கங்கையிலே சேர்க்க, கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையிலே சேர்த்தாள் என்று கந்தபுராணம் கூறுகிறது. சரவணம் என்பது நாணற்காடு. தீப்பொறி நாணற்காட்டிலே விழுந்தால் என்னவாகும் என்பது மலையில் வாழும் எமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அங்கே பொய்கை இருந்தது. நீர் தாங்கிக்கொண்டபடியால் அந்தத் தீ குழந்தையாகித் தவழ்ந்தது.

அனுமனுக்கு வந்த அச்சம்

இன்னொரு கதை எமது நாட்டோடு தொடர்புடையது. நுவரெலியாவுக்கு அருகே சீதாஎலியவில் உள்ள சீதையம்மன் ஆலயத்துக்குப் போனவர்கள், அங்குள்ள கரிய மண்ணை அனுமன் வைத்த தீயின் அடையாளம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அனுமன் இலங்கையை எரித்த வீரத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதற்குப் பிறகு நடந்ததை அநேகர் நினைப்பதில்லை. வாலிலிருந்த தீயைக் கடலில் அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்த அனுமனுக்குத் திடீரென்று நெஞ்சு பதறியது என்று வால்மீகி சொல்கிறார். கோபத்திலே தீ வைத்துவிட்டேனே, அன்னை சீதையும் இந்தத் தீயிலே அகப்பட்டிருந்தால் என்ன செய்வேன் என்று தன்னைத் தானே நொந்துகொள்கிறான். அன்னைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்று கேட்ட பிறகே அவன் உயிர் அவனுக்குத் திரும்பியது.

தீயை வைத்தவன் சாதாரணமானவன் அல்லன், வாயு புத்திரன். அவனுக்கே, கையை விட்டுப் போன தீ யாரைத் தொடும், யாரை விடும் என்று தெரியவில்லை. அப்படியிருக்க, மலையிலே ஒரு தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, இந்தப் புல் மட்டும் எரியும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

எமது மலைகளின் நிலை

ஊவா மலைகளில் ஆடி, ஆவணி மாதங்கள் கடும் வறட்சியான காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்திலே மழையைப் பொழிந்துவிட்டு, எமது பக்கம் வரும்போது காய்ந்த காற்றாகவே வருகிறது. தை கழிந்து பங்குனி வரையும் இன்னொரு வறட்சி. இக்காலங்களில் மானாப்புல் வைக்கோல் போலக் காய்ந்து நிற்கும். 1970களிலும் 1980களிலும் வெறும் புல்மலைகளில் நடப்பட்ட பைனஸ் மரங்களின் கீழே ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கும். அவை எளிதில் உக்குவதில்லை. பிசின் உள்ளபடியால் பற்றினால் வேகமாக எரியும். கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் இன்று மானாப்புல்லும் பற்றைகளுமே மண்டியிருக்கின்றன. 2025 பெப்ரவரியில் எல்லப் பாறை மலையிலே தீ பரவியபோது, செங்குத்தான சரிவில் ஏறி அதை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை நாடே பார்த்தது.

இந்தத் தீ தானாக வருவதில்லை. எமது நாட்டில் காட்டுத்தீ ஏறத்தாழ எல்லாமே மனிதர் கையால் வருவதே. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர் உண்டு. வேட்டைக்காக வைப்பவர் உண்டு. தோட்டத்துக் குப்பையை எரித்துவிட்டு, அவிந்துவிட்டது என்று நினைத்துப் போகிறவர் உண்டு. பீடித் துண்டை எறிபவரும், விளையாட்டாகக் கொளுத்துகிறவரும் உண்டு. நாமும் எம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் மரத்தடியிலே முனியாண்டிக்கும் கவ்வாத்துச்சாமிக்கும் கற்பூரம் ஏற்றுகிறோம். கற்பூரம் அணையும் வரை நிற்கிறோமா? சுற்றியுள்ள சருகை வாரிவிட்டு ஏற்றுகிறோமா? திருவிழாவில் விடும் வாணம் எங்கே போய் விழுகிறது என்று யாராவது பார்க்கிறோமா?

"காடு அரசாங்கத்தினுடையது. தேயிலை கம்பெனியினுடையது. எமக்கென்ன?" என்று சொல்லும் பழக்கம் எம்மிடம் உண்டு. நிலத்தின் உறுதி எம்மிடம் இல்லை என்பது உண்மைதான். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அந்த மனக்குறை இருப்பதும் நியாயமே. ஆனால் காலையில் பீலிக்கரையிலே குடம் வைப்பது யார்? அந்த நீர் மேலே உள்ள காட்டிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் ஊறி வருவது. புல்லும் சருகும் எரிந்துபோன மலையில் மழை விழுந்தால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் வறண்ட பீலி. உறுதி யார் பெயரில் இருந்தாலும் தாகம் எமது பெயரில்தான் இருக்கிறது.

மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரித்த இடத்தில் முதல் மழைக்குப் பச்சைப்புல் வருவது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் எரித்தால் மேல்மண் கழுவுண்டு, கடைசியில் கல்லும் மானாப்புல்லுமே மிஞ்சும். அந்த முதிர்ந்த மானாப்புல்லை மாடும் விரும்பித் தின்னாது. இதை நாம் அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசக்கூடாது. அவர்களும் எமது அடியார்களே; பாலாபிஷேகத்துக்குப் பால் கொண்டு வருபவர்களே.

தூரதேசத்து ஊர் ஒன்று

தோட்டத்து மக்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பசுபிக் சமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுகளில் மாவி என்றொரு தீவு. அங்கேயும் வெளிநாட்டுத் தொழிலாளரைக் கொண்டு வந்து பெருந்தோட்டங்கள் அமைத்தார்கள். அங்கே பயிர் கரும்பு. பிற்காலத்தில் கரும்புத்தோட்டங்கள் மூடப்பட்டன. பயிர் நின்ற நிலத்தில் வெளியிலிருந்து வந்த புல் ஆளுயரம் வளர்ந்தது. அது யார் பொறுப்பு என்று கேட்க ஆளில்லை. 2023 ஆகஸ்ட் 8ஆம் திகதி பலத்த காற்று வீசியபோது மின்கம்பியிலிருந்து விழுந்த பொறி அந்தக் காய்ந்த புல்லைப் பற்றியது. சில மணி நேரத்தில் லஹைனா என்ற பழம்பெரும் ஊர் சாம்பலாயிற்று. நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கைவிடப்பட்ட தோட்டமும், காய்ந்த புல்லும், காற்றும் எமது பக்கத்திலும் இருக்கின்றன. வருமுன் காப்பதைச் சொல்ல வந்த திருவள்ளுவரும் தீயையும் வைக்கோலையுமே உவமையாக எடுத்தார் என்பதை நினைவில் கொள்வோமாக.

ஆலயம் செய்யக்கூடியவை

அப்பர் பெருமானின் திருவுருவத்தைப் பாருங்கள். கையில் இருப்பது உழவாரம். திருக்கோயில் வீதிகளிலே அவர் செதுக்கியது புல்லைத்தான். அடியார் நடக்கும் வழி இடரில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த அந்தத் தொண்டு சிவதொண்டாயிற்று. அடியார் உறங்கும் லயத்துக்கு மேலே புல்லைச் செதுக்குவதும் அந்தத் தொண்டிலே சேர்ந்ததுதான்.

தோட்டத்திலே தொழிற்சங்கம் இரண்டு மூன்றாக இருக்கலாம். கட்சி பலவாக இருக்கலாம். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவும் இருக்கலாம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றாக நிற்கும் இடம் ஆலயம் ஒன்றே. ஆதலால் இந்தப் பணியை ஆலயத்திலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

முதலாவது, ஆண்டில் இரண்டு சிரமதானம். ஆனி மாதத்தில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று. புல் காய்வதற்கு முன்னரே வெட்ட வேண்டும். அப்போது வெட்டிய இளம்புல் மாட்டுக்கும் போகும், தீ வைக்க வேண்டிய தேவையும் குறையும். குடியிருப்புக்கும் காட்டுக்கும் நடுவே குறுக்காக ஓர் அகலமான பட்டையில் புல்லை அடியோட்டி வெட்டிச் சருகை வாரிவிட வேண்டும். சரிவான இடத்திலே வேரைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மண் கரைந்துவிடும். ஒதுக்குக் காட்டின் ஓரமென்றால் கிராம உத்தியோகத்தர் மூலம் வன பாதுகாப்புத் திணைக்களத்தாரிடமும், தோட்டக்காணி என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுக்கொண்டே கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்கு வீடு செய்ய வேண்டியவை. கூரைப் பீலியில் கிடக்கும் சருகை எடுத்துவிட வேண்டும். காற்றிலே பறந்து வரும் பொறி முதலில் தங்குவது அங்கேதான். விறகையும் காய்ந்த கவ்வாத்துக் குச்சிகளையும் சுவரோடு அடுக்காமல் தள்ளி வைக்க வேண்டும். வீட்டைச் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த புல் இல்லாதிருப்பது நல்லது. அவ்வளவு இடமில்லாத லயங்களில் இருக்கிற இடத்தைச் சுத்தமாக வைக்கலாம். தீ மேல்நோக்கி விரைந்து ஏறும்; ஆதலால் சரிவின் கீழ்ப்பக்கத்தை முதலில் கவனியுங்கள்.

மூன்றாவது, வறட்சி மாதங்களில் குப்பை எரிப்பதை நிறுத்துவோம். அதைக் குழியிலே போட்டு உக்க விட்டால் மரக்கறிக்குப் பசளையாகும். மலைச்சாமிகளுக்குக் கற்பூரம் ஏற்றுகிறவர்கள் சருகை வாரி, கல்லின் மேல் ஏற்றி, அணைந்த பின்பே திரும்புவோம்.

நான்காவது, காவல். இளைஞர்கள் முறை வைத்து வறட்சிக் காலத்தில் மலையைக் கவனிக்கலாம். புகை கண்டால் ஆலய மணியை விடாமல் அடிப்பது என்றும், தப்பு அடித்து மற்றைய லயங்களுக்குச் சொல்வது என்றும் முன்கூட்டியே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். உடனே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தீயை அணைக்கப் போகிறவர்கள் ஒருபோதும் தீக்கு மேலே உள்ள சரிவில் நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் திகதி, மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ வளைத்துக்கொண்டது. இருபது பேருக்கு மேல் பலியானார்கள். வீரம் காட்டும் இடம் அதுவல்ல. முதலில் முதியோரையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்துவதே பெரிய தொண்டு.

கடைசியாக ஒன்று. ஒதுக்குக் காட்டிலே தீ வைப்பது சட்டப்படி குற்றம். யார் வைத்தது என்பது பல வேளைகளில் ஊருக்குத் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை. பொலிசுக்குப் போவதற்கு முன்னர், பெரியவர்கள் இருவர் அவரைக் கோயிலுக்கு அழைத்து, சுவாமி சந்நிதியிலே அமைதியாகப் பேசலாம். "தம்பி, உங்கட வீட்டுப் பிள்ளையும் அந்தப் பீலித் தண்ணியத்தான் குடிக்குது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதையும் கேளாதவருக்குச் சட்டம் இருக்கவே இருக்கிறது.

அடியார்களே! இம்முறை திருவிழாவில் சங்கற்பம் செய்துகொள்ளும்போது இதையும் சேர்த்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஓர் ஆள், ஆண்டுக்கு இரண்டு நாள், கையிலே ஒரு கத்தி அல்லது மண்வெட்டி. எம்பெருமான் கேட்கும் காணிக்கை அதைவிடப் பெரிதல்ல. சந்நிதியில் எரியும் தீபம் என்றும் சுடர்விடட்டும்; மலையிலே எரியும் தீ அவியட்டும்; பீலியிலே நீர் வற்றாதிருக்கட்டும். எல்லோருக்கும் எல்லா மங்களமும் உண்டாக எல்லாம் வல்ல இறைவனின் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.

சுபம்.