டெஸ்டரைக் கையில் எடு!

உன் வீட்டு ஹாலில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தட்டினால் எரியாது. அழுத்திப் பிடித்து, கொஞ்சம் ஆட்டி, ஓரமாகத் தள்ளினால்தான் எரியும்.

எத்தனை மாதமாக ஆட்டிக்கொண்டிருக்கிறாய்?

வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக்கூடப் பாடம் நடத்துகிறாய். "அந்த சுவிட்சைத் தொடாதீங்க, நானே போடறேன்!" எதில் கைதேர்ந்திருக்கிறாய் பார்!

கேட்டால் பதில் தயார். எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணியாச்சு, நாளைக்கு வர்றேன்னு சொன்னார்.

வரமாட்டார்! அவர்மேல் தப்பே இல்லை. ஒரு புது வீட்டு வயரிங் வேலை முழுசாகக் கையில் இருக்கும்போது, ஒற்றை சுவிட்சுக்காக யார் உன் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவார்?

அடுத்த சாக்கு என்ன? "கரண்ட் சமாச்சாரம். பயமா இருக்கு."

பயப்படு! நன்றாகப் பயப்படு! 230 வோல்ட்டைக் கண்டு பயப்படாதவன் முட்டாள்.

ஆனால் நிஜமாகவே பயந்தவன் என்ன செய்வான்? மெயினை அணைப்பான். டெஸ்டர் வைத்துப் பார்ப்பான். ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பான். நீ என்ன செய்கிறாய்? சோம்பலுக்குப் பயம் என்று பேர் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்!

தினமும் ஆட்டுகிறாயே, அந்த சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? லூஸாகிப்போன இணைப்பில் பொறி பறக்கிறது. சூடேறுகிறது. கிர்ர்ரென்று ஒரு சத்தம் வருகிறதே, கேட்டதில்லையா? பிளாஸ்டிக்கின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதே, பார்த்ததில்லையா? பயந்து பயந்து நீ சுவருக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பது நெருப்பை!

"இதெல்லாம் நாமே செய்யலாமா? சட்டம் விடுமா?"

விடும்! 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளை எடுத்துப் பார். வயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்று சொன்ன அதே விதி, ஒரு விலக்கும் கொடுத்தது. விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள்... இணைப்பின் திறனும் தன்மையும் மாறாமல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட அந்த உரிமம் தேவையில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் அந்த விலக்கு தொடர்ந்தது.

சட்டம் உன்னை நம்புகிறது. நீ ஏன் உன்னை நம்பவில்லை?

"இது ஆம்பளைங்க வேலை" என்கிறாயா, அம்மா? காலி சிலிண்டரை உருட்டிவிட்டு, புது சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பொருத்தி, கசிகிறதா என்று மோந்து பார்த்து அடுப்பைப் பற்ற வைக்கிற கை உன் கை! இரண்டு ஸ்க்ரூவுக்கா தயங்குகிறாய்?

சரி, எழு. மெயினை அணை. எம்.சி.பி. கீழே இறங்கியதைக் கண்ணால் பார். வீட்டில் இருப்பவர்களிடம் சத்தமாகச் சொல்: யாரும் அதைத் தொடக்கூடாது!

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெயின் அணைந்ததும் அது விழித்துக்கொள்ளும்! அதையும் அணை.

இப்போது டெஸ்டர். எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாயா? டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? மெயினை அணைக்கும் முன்பே கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள். பிறகு அணை. பிறகு தொட வேண்டிய இடத்தில் வை. அவசரப்பட்டு எதை மிச்சம் பிடிக்கப்போகிறாய்?

போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்று. மெதுவாக முன்னால் இழு. உள்ளே வயர்கள் பின்னிக் கிடக்கும். மலைத்துவிடாதே! போனை எடுத்து ஒரு படம் பிடி. எது எங்கே இருந்தது என்று அந்தப் படம் சொல்லும்.

இப்போது உற்றுப் பார். உன் சுவிட்சுக்கு எத்தனை இணைப்பு? இரண்டே இரண்டு! ஒன்றில் கரண்ட் வருகிறது, மற்றொன்றில் விளக்குக்குப் போகிறது. பக்கத்து சுவிட்சுகளுக்கும் ஒரு சிவப்பு வயர் தாவித் தாவிப் போகிறதே, அது பேஸ். எல்லாருக்கும் ஒரே வரவு! இதற்கா இத்தனை வருஷம் பயந்தாய்?

ஒன்று சொல்கிறேன், நிறத்தை மட்டும் நம்பாதே. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். பழைய வீடுகளில் கைக்குக் கிடைத்த வயரை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பழைய சுவிட்சைக் கழற்று. கருகிய நுனியை வெட்டு. பளபளக்கிற செம்பு தெரியும்வரை சீவு. இழைகளை ஒன்றாக முறுக்கு. புது சுவிட்சில் நுழைத்து ஸ்க்ரூவை இறுக்கு. ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பார். வந்துவிட்டதா? மறுபடி இறுக்கு! அந்த ஓர் இழுப்பில்தான் வேலைக்காரனுக்கும் ஒப்பேற்றுகிறவனுக்கும் வித்தியாசம்.

6 ஆம்பியர் இருந்த இடத்தில் 6 ஆம்பியர். கீசருக்கு 16 ஆம்பியர் என்றால் 16-தான். கடையில் சின்னதைக் கொடுத்தால் திருப்பிக் கொடு!

மூடிவிட்டாயா? மெயினைப் போடு.

டக்! எம்.சி.பி. விழுந்துவிட்டதா? முகம் சுருங்குகிறதா? "அப்பவே சொன்னேன், உனக்கெதுக்கு இந்த வேலை" என்று உள்ளிருந்து ஒரு குரல் வருகிறதா?

வரட்டும்! எம்.சி.பி. விழுந்தது உன்னைக் காப்பாற்றத்தான். எங்கோ ஒரு வயர் தொடக்கூடாததைத் தொடுகிறது. திரும்பத் திரும்ப எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டு மல்லுக்கட்டாதே. மறுபடி அணை, மறுபடி சோதி, திற, படத்தோடு ஒப்பிடு. தப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும், உனக்காகக் காத்துக்கொண்டு!

எது உன் வேலை இல்லை என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பதும் மின்வாரியத்தின் சொத்து. தொடாதே! ஏ.சி.க்குப் புது லைன் இழுப்பதா? உரிமம் உள்ளவரைக் கூப்பிடு. சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறதா? உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு. அங்கே வீரம் காட்டினால் பிணம் விழும்.

ஆனால் ஒன்றைச் சோதிக்க யாரும் வர வேண்டாம். உன் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற கருவி அது. அதில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து அதை அழுத்தாத வீடுகளே அதிகம் என்பேன். இப்போதே போய் அழுத்து! விழுந்தால் நல்லது, தூக்கிவிடு. விழவில்லையா? வயரிங் வேலை ஆரம்பிக்கும் முன் அதை மாற்றச் சொல். கருவியே இல்லையா? பொருத்தச் சொல்!

நாளை ஞாயிற்றுக்கிழமையா? பட்டப்பகல் வெளிச்சம் இருக்கும். கடைக்குப் போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுவிட்ச் ஒன்றும் நல்ல டெஸ்டர் ஒன்றும் வாங்கி வா. பத்து மணிக்கு மெயினை அணை.